புளிக்காத ஊர்

"செங்காட்டுவலசுல பொண்ணு எடுத்தா வேற ஒரு குறையும் வராதுக்கா. ஆனா உங்க பையன் மோருக்கு ஏங்கியே போய்ச் சேந்துருவான். அந்த ஊர்ப் பொம்பளைங்க கைக்குப் பாலு உறையாதாமா."

பல்லடத்திலிருந்து கிளம்பிய மினி பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் இதைச் சொல்ல, இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த வசந்தாமணி செங்காட்டுவலசுக்காரி. அவள் பையில் எண்ணெய் பாட்டிலுக்கும் கத்தரிக்காய்க்கும் அடியில் ஒரு பாக்கெட் தயிர் ஒளிந்திருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. வெகுகாலமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து, சற்றே நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் தன் கை மட்டும் இல்லை.

மகள் தன்ஷிகா காய்ச்சலில் போனதிலிருந்துதான் தன் கைக்குப் பால் உறைவதில்லை என்று அவள் நம்பியிருந்தாள். நாலு வயதுப் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத கையில் பால் மட்டும் எதற்குத் தங்க வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, வாரம் தவறாமல் டவுனுக்குப் போய்த் தயிர் வாங்கி வந்து, பாக்கெட்டைக் கத்தரித்து எவர்சில்வர் போசியில் ஊற்றி, வீட்டில் உறைந்தது போலத் தோன்ற மேலே கொஞ்சம் பாலாடையும் எடுத்துப் போட்டு, காலிப் பாக்கெட்டை வெந்நீர் அடுப்பில் எரித்துவிட்டு, புருஷன் செங்கோடனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவனும் ஒரு வார்த்தை கேட்காமல் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ரங்காயியின் பலகாரக் கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

"ரங்காயக்கா, உங்க வூட்டுல பாலு உறையுதுங்களா?"

ரங்காயி கரண்டியைத் தூக்கிய கையோடு ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"மெதுவாப் பேசு அம்முணி. உன்ற வூட்டுலயுமா?"

விளக்கு வைப்பதற்குள் ஊரே வாயைத் திறந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டு, ஒவ்வொருத்தியும் கடைத் தயிரைத்தான் போசியில் ஊற்றி வைத்துக்கொண்டு, ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி ஒறம்பரையாக விருந்துக்குப் போனபோதெல்லாம் "உங்க வூட்டுத் தயிருக்குத் தனி ருசிங்க" என்று மெச்சிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இட்லி கல்லாகிப் போனதற்கு ரங்காயி உளுந்து வியாபாரியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த உளுந்து வியாபாரியின் வீட்டிலும் மாவு பொங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பால்தான் முதலில் கண்ணில் பட்டது; பால் மட்டும் இல்லை. அந்த ஊரில் எதுவுமே இன்னொன்றாக மாறவில்லை. பால் பாலாகவே இருந்தது, ஆட்டிய மாவு ஆட்டியபடியே இருந்தது, தண்ணீர் ஊற்றி வைத்த சோறு மறுநாளும் நேற்றுச் சோறாகவே இருந்தது. மாரியம்மன் போன வருஷம் போட்ட மாலையையே இன்னும் போட்டிருந்தாள். பூசாரி வாடாத பூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாடாத பூவைச் சாத்துவதில் அர்த்தம் தெரியாமல் அதையும் விட்டுவிட, பூக்கட்டி விற்றவள் வளையல் வியாபாரத்துக்கு மாறிப்போனாள். நாச்சிமுத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டிய வாழை மரங்கள் வாசலில் பச்சைப் பசேலென்று நின்றன. மாப்பிள்ளையும் பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டு பெண் தாய்வீட்டுக்குப் போய், சமாதானம் பேசித் திரும்பி வந்து, மறுபடியும் போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே வாழை மரங்கள் அவளை வழியனுப்பி, அதே வாழை மரங்கள் வரவேற்றன. ஊர்க் கோழிப் பண்ணைகளின் எருவை வாங்கிப் போய்த் தோட்டத்தில் போட்டவர்கள், அது போட்டபடியே கிடக்கிறது, மக்க மாட்டேன் என்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். செத்த கோழிகளைப் போடும் குழியில் கோழிகள் தூங்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நாய்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. சாவு நிற்கவில்லை. செத்தபிறகு நடக்க வேண்டியதுதான் நின்றுபோனது.

ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. சிலர் செல்போன் டவரைச் சொன்னார்கள், சிலர் ஆத்தாளின் கோபம் என்றார்கள், பலர் கோழி மருந்தைச் சொன்னார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பின்னால் ஒரு நீளக் கொட்டாய் இருந்தது. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும், இவர்கள் வளர்ப்பார்கள், ஒரு சேவலாவது கூவக் கற்றுக்கொள்ளும் முன்னே லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். விடிகாலையில் கோழிகளுக்குத் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, அவை தாகத்தில் வெறும் குழாயைக் கொத்தும்வரை காத்திருந்து, நீல டிரம்மில் மருந்துப் பொடியைக் கரைத்து, பிறகு வால்வைத் திறந்துவிட்டால் மருந்து மிச்சமில்லாமல் உள்ளே போகும். நோய் வந்தால் போடுவதற்கு வந்த மருந்து, நோய் வராமலிருக்கப் போடும் மருந்தாகி, எடை ஏறுவதற்குப் போடும் மருந்தாகி, கடைசியில் போடாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத மருந்தாகிவிட்டது. டிரம் கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போனது, ஓடை மண்ணுக்குள் போனது, மண்ணுக்குள்ளிருந்து போர் போட்டு எடுத்ததைத்தான் எல்லோரும் குடித்தார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. ரங்காயி இட்லிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு உப்புமாவும் புட்டும் போட்டாள்.

"ஏனக்கா, உப்புமாத் தின்னு தின்னு நாக்குல ரவை மொளைச்சுப்போச்சு. பழையபடி இட்லியவே போடுங்க. கல்லா இருந்தாலும் பரவால்ல, வூடு கட்டவாவது ஆவும்" என்பார்கள் ஆம்பிளைகள்.

"கட்டு, கட்டு. முந்தி நீ தின்ன கணக்குக்கு மாடி வூடே எழுந்திருக்கும்" என்பாள் ரங்காயி.

வசந்தாமணியின் வீட்டில் சமையலறை ஜன்னல் மேடையில் ஒரு கொய்யாப்பழம் இருந்தது. தன்ஷிகாவுக்குக் காய்ச்சல் ஏறிய மத்தியானம், ஏதாவது தின்றால் தேவலை என்று வசந்தாமணி மரத்திலிருந்து பறித்துக் கொடுக்க, பிள்ளை ஒரே ஒரு கடி கடித்து, "கசக்குதும்மா" என்று திருப்பி நீட்டியது. வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு மருந்து மாற்றி இன்னொரு மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு, "எந்த மருந்துக்கும் கேக்கலைங்க" என்று கையை விரித்தார்கள். பிள்ளையில்லாமல் வீடு திரும்பியபோது கொய்யா அங்கேயே இருந்தது. கடித்த இடம் வெள்ளையாக, ஈரம்கூடக் காயாமல், மேலே நாலு பல்லின் தடமும் கீழே மூன்று பல்லின் தடமும், அவற்றில் ஒரு பல் கொஞ்சம் கோணலாகப் பதிந்து, அப்போதுதான் கடித்துவிட்டு விளையாடப் போயிருக்கிறாள் என்பது போல இருந்தது. கறுக்கும் கறுக்கும் என்று அவள் பயந்து பயந்து பார்த்தாள். கறுக்கவில்லை. ஆடி போய் ஆடி வந்தது, கறுக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு உப்பு கேட்கவும் ஊர்ப்பேச்சு பேசவும் வந்தவர்களும், உள்ளே நுழைந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, "கொய்யா நல்லா இருக்குதா கண்ணு?" என்று வீட்டில் ஒரு ஆளை விசாரிப்பது போல விசாரித்தார்கள். "இருக்குதுங்க" என்பாள் வசந்தாமணி. யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் போகாமல் நின்றுவிட்ட ஏதோ ஒன்று இருந்தது. ரங்காயியின் வீட்டில் அது ஒரு முழம் மல்லிகை. அவள் மகள் ஒரு மில் டிரைவரோடு போன அன்று காலையில் தலையிலிருந்து கழற்றிக் கண்ணாடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனது, இன்னும் மணத்துக்கொண்டிருந்தது.

சில நேரம் வசந்தாமணி பாத்திரம் கழுவிக்கொண்டே கொய்யாவைப் பார்ப்பாள். இந்த ஊரில் எதுவும் மாறுவதில்லையென்றால், ஓடைக்கரையில் சின்னதாக மேடு போட்டிருக்கும் அந்த இடத்துக்குள்ளேயும், என்று ஒரு நினைப்பு தொடங்கும். அதை முடிக்காமல் அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொள்வாள்.

செங்கோடனின் கால் வெட்டுப்பட்டது அதற்குப் பிறகு. கொட்டாயின் ஓரத்தில் பெயர்ந்து தொங்கிய தகரம் கணுக்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள். காயம் அழுகவில்லை, ஆறவும் இல்லை. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் இப்போதுதான் வெட்டுப்பட்டது போலச் சிவப்பாக வாய் திறந்திருந்தது. அவன் கட்டிலிலேயே இருந்துகொண்டு தேங்காய் நார் உரிக்கவும் தீவனச் சாக்கு தைக்கவும் பழகிக்கொள்ள, கொட்டாய் வேலை முழுக்க வசந்தாமணி கைக்கு வந்தது. குழாயை அடைப்பதும் பொடியைக் கரைப்பதும் வால்வைத் திறப்பதும் அவள்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா காயத்திலிருந்து பஞ்சில் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அடுத்த முறை போனபோது அவள் செங்கோடனைப் பார்க்காமல் வசந்தாமணியைப் பார்த்துப் பேசினாள்.

"எந்த மருந்துக்கும் கேக்கலைங்க."

வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், அதே வார்த்தை.

"நீங்க கோழிப் பண்ணை வெச்சிருக்கீங்களா? தண்ணியில என்ன கலக்கறீங்க?"

அவள் பொட்டலத்தின் பெயரைச் சொன்னாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தாள்.

"அது ஆன்டிபயாடிக்குங்க. நாங்க மனுசங்களுக்குக் குடுக்கற மருந்தும் அந்த வகைதான். தெனமும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு தின்னு உங்க ஊர்க் கிருமிக்கு அது பழகிப்போச்சு. இனி அது இதுக்குப் பயப்படாது. காயத்தைச் சுத்தமா வெச்சுக்கங்க. காய்ச்சல் மட்டும் வந்துரக் கூடாது. வந்தா அது ரத்தத்துல ஏறிருச்சுன்னு அர்த்தம்."

திரும்பி வரும்போது மினி பஸ்ஸில் செங்கோடன் காலை நீட்டி உட்கார, அவள் அவன் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். வெளியே கொட்டாய் கொட்டாயாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையைக் கொண்டுபோனதும் அந்த டிரம்தான், பிள்ளையின் பல்லைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அந்த டிரம்தான். இரண்டையும் ஒன்றாக நினைக்க அவள் மனதில் இடம் போதவில்லை. ஊர் வந்ததும் முதலில் ஜன்னலைப் போய்ப் பார்த்தாள்.

ஆடி வந்தது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் பெரிய மண் பானைகளில் கோயில் மண்டபத்தில் வைத்துவிட்டால், விடிவதற்குள் அது புளித்து நுரை கட்டும். நுரை கட்டினால் ஆத்தா பானைக்குள் மூச்சு விட்டாள் என்று அந்த ஊர்க் கணக்கு. அந்த நுரையைப் பார்த்த பிறகுதான் பூசாரி அடுப்பைப் பற்றவைப்பார். எதுவும் புளிக்காத முதல் வருஷம் பானைகள் அசையாமல் கிடக்க, எலுமிச்சம்பழம் பிழிந்து சமாளித்தார்கள். இரண்டாம் வருஷம் பாக்கெட் தயிரை ஊற்றி, மேலே நுரை வருவதற்காகப் பூசாரியின் தம்பி மத்தால் கடைந்தான். இந்த வருஷம் பூசாரி பானைகளை எட்டிப் பார்த்துவிட்டு மத்தைத் தூக்கித் தூர வைத்தார்.

"ஊருக்காரங்களை ஏமாத்தலாம். ஆத்தாளை ஏமாத்த என்னால ஆவாது. அடுப்புப் பத்தவெக்க மாட்டேன்."

உப்புமாவைத் தாங்கிக்கொண்ட ஊர், மக்காத எருவைத் தாங்கிக்கொண்ட ஊர், இதைத் தாங்கவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். கம்பெனி சூப்பர்வைசர் தினகரும் பைக்கில் வந்து, இறங்காமலேயே ஒரு காலை ஊன்றி நின்றான்.

"மருந்தை நிறுத்திப் பாத்துருவோம்" என்றார் நாச்சிமுத்து.

"நிறுத்துனா கொத்துக் கொத்தாச் சாவும்ங்க. அப்புறம் கம்பெனியைக் கேக்கக் கூடாது" என்றான் தினகர்.

"உங்க ஊருல இட்லி பூவாட்ட வேவுது தம்பி. நீ ஏன் சொல்ல மாட்டே?" என்றாள் ரங்காயி.

"இட்லிக்காகக் கோழியைச் சாவடிப்பீங்களாக்கா?"

"கோழிக்காக ஆத்தாளைப் பட்டினி போட்டுட்டோம். இட்லி அப்புறம்."

சிரிப்பு அடங்கியதும் யாரோ தயங்கித் தயங்கிச் சொன்னார்கள், மருந்து நின்றால் வீட்டில் இருக்கும் அதெல்லாம் போய்விடுமே என்று. ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருக்கும் ஒன்றை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ரங்காயிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள்.

"என்ற வூட்டு மல்லிகை வாடட்டும். தெனம் அதைப் பாக்கறேன், காலையிலதான் போனாளாட்ட இருக்குது. காலையில போனவ மேல கோவம் இருக்கத்தானே செய்யும்? அது வாடுனாத்தான் போயி வருசமாச்சுன்னு எனக்கு ஒறைக்கும். அப்பத்தான் போன் பண்ண மனசு வரும்."

ஒரு கொட்டாயில் கலந்தாலும் தண்ணீர் வழியாக ஊருக்கே போய்விடும் என்பதால், கொட்டாய்க்கு ஒருவர் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது என்று முடிவானது. செங்கோடனால் நடக்க முடியாது. வசந்தாமணி போனாள். மற்றவர்களைப் போலவே எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். சுடவில்லை, கை காய்த்துப் போயிருந்தது.

மறுநாள் விடிகாலையில் அவள் சத்தியப்படிதான் நடந்தாள். வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்து கட்டு மாற்ற உட்கார்ந்தபோது செங்கோடன், "ஏம் புள்ள, காலு அரிக்குது. உள்ளுக்குள்ள எறும்பு ஊர்றாப்புல அரிக்குது" என்று சிரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு காயத்தின் ஓரத்தில் தோல் சுருங்கி, ஒரு இழை வெளுத்திருந்தது. அவளும் சிரித்தாள். அதே சிரிப்போடு சமையலறைக்குப் போனவள் ஜன்னலைப் பார்த்தாள். கொய்யாவில் கோணல் பல் பதிந்த இடத்தில், நூல் பிரி அளவுக்கு, பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது.

அவள் கொட்டாய்க்கு ஓடினாள். குழாயை அடைத்து, டிரம்மைக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் பிடித்து, அலமாரிக்குப் பின்னால் மிச்சமிருந்த பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டி, குச்சிகூடத் தேடாமல் கையாலேயே கலக்கினாள். சாயங்காலத்துக்குள் கோடு மறைந்துவிட்டது. செங்கோடன் காலைத் தட்டிப் பார்த்து, "அரிப்பு நின்னு போச்சே" என்றான். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "அது அப்படித்தானுங்க, வரும் போவும்" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் கலந்தாள். பொட்டலம் தீர்ந்தபோது தினகரிடம் கேட்டாள். "ஊருக்கெல்லாம் புத்தி கெட்டுப் போச்சு, நீங்களாவது வெவரமா இருக்கீங்களேக்கா" என்று சொல்லி, தீவனச் சாக்குக்குள் மறைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஊர் சத்தியத்தைக் காப்பாற்றியது. முதலில் கோழிகள் செத்தன, தினகர் சொன்னபடியே. பிறகு குஞ்சுகளை நெருக்கிப் போடாமல் குறைத்துப் போட்டார்கள், உமியைக் கிளறிச் சுண்ணாம்பு தூவினார்கள், படுதாவைத் தூக்கிக் கட்டிக் காற்று வரவிட்டார்கள், வாசலில் வைத்த கிருமிநாசினித் தண்ணீரில் கால் நனைக்காமல் யாரையும் உள்ளே விடவில்லை. சாவு மெல்ல அடங்கியது. ஆனால் பால் உறையவில்லை. ஒவ்வொரு காலையிலும் ஊரே போசி மூடியைத் திறந்து பார்த்து மூடியது. மண்டபத்தில் பானைகள் அப்படியே கிடந்தன. யாரோ கலக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. நாச்சிமுத்து அடுத்த கொட்டாய்க்காரரைச் சந்தேகப்பட்டார், அவர் தன் பங்காளியைச் சந்தேகப்பட்டார், பங்காளி பூசாரியின் தம்பியைச் சந்தேகப்பட, பூசாரியின் தம்பிக்குக் கொட்டாயே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வசந்தாமணியை யாரும் நினைக்கவில்லை. புருஷன் கால் ஆற வேண்டும் என்று அவளைவிட யார் வேண்டியிருப்பார்கள்?

ரங்காயி ஒருநாள் வந்து வெகுநேரம் இருந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. போகும்போது வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, "என்ற வூட்டுப் பூவும் அப்படியேதான் இருக்குது கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மத்தியானம் செங்கோடனுக்குச் சோறு போடக் குனிந்தபோது அவன் அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தான்.

"மருந்து வாசம்."

"பழைய வாசம்ங்க. போவ மாட்டேங்குது."

"எனக்கு அன்னைக்கே தெரியும் வசந்தா. ஒரு நாள் அரிச்சுது, அடுத்த நாளு நின்னு போச்சு. என்ற காலு, எனக்குத் தெரியாதா?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கலீங்க?"

"கேட்டா நீ நிறுத்திருவே." அவன் சோற்றைப் பிசையாமல் தட்டின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தான். "நீ கொட்டாய்க்குப் போனப்புறம் நானும் செவுத்தப் புடிச்சுக்கிட்டுப் போயிப் பாப்பேன். அந்தக் கோணப் பல்லு இருக்குதுல்ல, அதுல என்ற சுண்டு விரலை வெச்சா சரியாப் பொருந்தும். நகம் படாம வெப்பேன்."

இது அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் அந்த ஜன்னலுக்கு முன்னால் தான் மட்டும்தான் நிற்பதாக நினைத்திருந்தாள்.

"மண்ணுக்குள்ள அவளும் அப்படியேதான் இருப்பா, இல்லீங்களா?" அவள் முடிக்காமல் வைத்திருந்ததை முதல்முறையாக முடித்தாள். "அந்தச் சிவப்புக் கவுனோட. தூங்கறாப்புல."

"இருப்பா."

"அவளுக்கு இருட்டுன்னா பயம்ங்க."

செங்கோடன் தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தான். பிறகு, "காலு இப்படியே இருந்துட்டுப் போவட்டும் புள்ள. நடக்கறதுக்குத்தான் நீ இருக்கறயே" என்றான். இரண்டு பேரும் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை போனபிறகு அவர்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில், கிழக்கு வெளுக்கும் நேரம், கொட்டாய்க்குப் போக எழுந்தவள் போர்வையை அவன் தோள்மேல் இழுத்துவிட்டபோது புறங்கை அவன் கழுத்தில் பட்டது. அவள் கையை எடுக்கவில்லை. அந்தச் சூட்டை அவளுக்குத் தெரியும். மற்றக் காய்ச்சல்களின் சூடு மேலாகப் பரவியிருக்கும். இது எலும்புக்குள்ளிருந்து கிளம்பி வெளியே வழி தேடும் சூடு. இதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அவள் அன்று மத்தியான வெயிலில் ரோட்டுக்கு ஓடினாள், கன்னத்தில் ஒட்டியிருந்த பிள்ளையின் கன்னத்துச் சூடு வெயிலைவிட அதிகமாக இருந்தது.

"ஏனுங்க."

"ம்."

"குளுருதுங்களா?"

"சித்த குளுருது. ஒண்ணுமில்ல. நீ போ, கோழிக்கு நேரமாச்சு" என்றான் கண்ணைத் திறக்காமல். பிறகு, "கலக்காம வந்துராதே" என்றான்.

கொட்டாய்க்குள் குழாய் அடைத்திருந்தது. முந்தின ராத்திரியே பழக்கத்தில் அவளே அடைத்துவிட்டுப் போனது. ஆயிரக்கணக்கான கோழிகள் நீளக் குழாயின் அடியில் நெருக்கியடித்து நின்று, வராத தண்ணீருக்காகக் கொத்திக்கொண்டிருந்தன. மழை தகரத்தில் விழுவது போல அந்தச் சத்தம் கொட்டாயின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடிக்கொண்டிருந்தது. பொட்டலம் சாக்கின் மேல் கிழித்துப் போடத் தயாராக இருந்தது. வசந்தாமணி டிரம்மைச் சாய்த்து நேற்றைய மிச்சத்தைக் கவிழ்த்தாள். புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே கையை விட்டு, சுவரில் படிந்திருந்த வெள்ளைப் படிவத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். கழுவி ஊற்றினாள். மறுபடியும் கழுவி ஊற்றினாள். பிறகு வெறும் தண்ணீரை விளிம்புவரை பிடித்து வால்வைத் திறந்துவிட்டு, வீட்டுக்குள் போய், செங்கோடனின் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டு அவனை எழுப்பி நிறுத்தி, முதல் பஸ்ஸுக்கு நடத்திக்கொண்டு போனாள்.